ஹோட்டல் ஃப்ரிட்ஜை வீட்டுச் சமையலறையில் வைப்பது எப்படி: வாங்கும் முன்பிருந்து பூட்டிவைப்பது வரை

தென்காசி பக்கத்துச் செங்கோட்டையில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக ஐந்து வீடுகளில் இப்போது நான்கு கதவு ஃப்ரிட்ஜ் நிற்கிறது. மாவு அரைத்து விற்பவர்கள், குற்றாலத்துக்கு வருபவர்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பவர்கள், பெரிய கூட்டுக் குடும்பம் ஒன்று. முதலில் வாங்கியவள் நான். செய்யக் கூடாததையெல்லாம் செய்து முடித்ததும் நானே. மற்ற நால்வரில் மூவர் வண்டியிலிருந்து இறக்கிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். "அக்கா, வாசலில் நிற்கிறது, உள்ளே போக மாட்டேன் என்கிறது."

எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: முதலில் பெட்டியை வாங்கிவிட்டு, பிறகு இடத்தையும் மின்சாரத்தையும் தேடுகிறார்கள். இதற்கு வரிசை தலைகீழ். அந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. பாத்திரங்களை எண்ணுங்கள்

ஒரு வாரம், இரவு படுக்கும் முன் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டியவை எத்தனை பாத்திரம், எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று ஒரு தாளில் குறியுங்கள். லிட்டர் கணக்கு ஏமாற்றும். நான்கு கதவுப் பெட்டி ஏறக்குறைய 900 முதல் 1000 லிட்டர் என்பார்கள். ஆனால் உங்கள் மாவுத் தூக்கு தட்டுகளின் இடைவெளியில் நிற்காவிட்டால் அந்த லிட்டரால் பயனில்லை.

பண்டிகைக்கு மட்டும் இடம் போதவில்லை என்றால் இது வேண்டாம். வருடத்தில் பத்து நாளுக்காக 365 நாள் மின்கட்டணம் கட்டுவீர்கள். சாதாரண வீட்டு ஃப்ரிட்ஜ் இன்னொன்று வாங்குவது மலிவு.

2. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

கடைகளில் மூன்று வகை கிடைக்கும். மளிகைக் கடையில் குளிர்பானம் அடுக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டி ஒன்று. மேலே மூடி திறக்கும் டீப் ஃப்ரீசர் இன்னொன்று. ஹோட்டல் சமையலறையில் நிற்கும் எவர்சில்வர் நிமிர்ந்த பெட்டி மூன்றாவது.

கண்ணாடிக் கதவுப் பெட்டி விலை குறைவு என்று பலர் அதில்தான் கை வைக்கிறார்கள். அது புட்டிகளைக் குளிர்விக்கச் செய்யப்பட்டது. பாதி வெதுவெதுப்பான குழம்பை வைத்தால் திணறும். கண்ணாடி வழியே குளிரும் வீணாகும். பால், தயிர், பாக்கெட் மாவு மட்டும் என்றால் போதும்.

டீப் ஃப்ரீசர் மீன், இறைச்சி, உரித்த பட்டாணி போன்றவற்றுக்கு நல்லது. குளிர்ந்த காற்று கனமானது. மூடி மேலே இருப்பதால் திறக்கும்போது அது கீழேயே தங்கிவிடுகிறது. ஆனால் அடியில் இருப்பதை எடுக்க மேலே உள்ள எல்லாவற்றையும் தூக்க வேண்டும். இடுப்பு வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

சமையலுக்கு எவர்சில்வர் பெட்டிதான். அதிலும் உள்ளே விசிறி உள்ளதா என்று கேளுங்கள். விசிறி இருந்தால் எல்லாத் தட்டும் ஒரே குளிரில் இருக்கும், திறந்து மூடினாலும் சீக்கிரம் மீளும். ஆனால் ஒரு குறை, மூடாமல் வைத்த எதையும் காயவைத்துவிடும்.

3. இடத்தைத் தயார் செய்யுங்கள்

நான்கு கதவுப் பெட்டி ஏறக்குறைய 4 அடி அகலம், இரண்டே கால் முதல் இரண்டரை அடி ஆழம், ஆறரை அடிக்கு மேல் உயரம். நிற்கும் இடத்தை மட்டும் அளக்காதீர்கள். வாசல், நடை, திருப்பம், சமையலறை நிலை எல்லாவற்றையும் அளங்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் உள்வாசல் இரண்டரை அடிதான், நிலைப்படி வேறு உயர்ந்து நிற்கும். தலைவாசலில் நுழைந்த பெட்டி இரண்டாம் கட்டில் நின்றுவிடும்.

அடுத்தது காற்று. உள்ளே இருந்து எடுத்த சூட்டையும், தான் இழுத்த மின்சாரத்தின் சூட்டையும் இந்தப் பெட்டி சமையலறைக்குள்தான் கொட்டும். ஹோட்டலில் அதற்கு வெளியேற்றும் விசிறியும் உயரமான கூரையும் உண்டு. நம் வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் சுவரோடு ஒட்டிவைத்தால், தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுத்து இடைவிடாமல் ஓடும். சூட்டை வெளியே விடும் குழாய்ச் சுருளான கண்டென்சர் அடியில் இருக்கிறதா, உச்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். உச்சியில் என்றால் மேலே ஓர் அடியாவது வெறுமையாக விடுங்கள், அட்டைப்பெட்டி அடுக்காதீர்கள். அடியில் என்றால் முன்பக்கத்தை மறைக்காதீர்கள். பின்னால் அரை அடி எப்போதும் வேண்டும்.

அடுப்புக்கு அருகில் வேண்டாம். சூடு மட்டும் காரணமில்லை. தாளிப்புப் புகையில் உள்ள எண்ணெய் கண்டென்சரில் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். மேலும், புதிய பெட்டிகள் சிலவற்றில் குளிர்விக்கும் வாயுவாக ஆர் 290 இருக்கிறது. அது புரோப்பேன், எரியக்கூடியது. பெட்டியின் விவரத் தகட்டில் எழுதியிருக்கும்.

படுக்கையறைச் சுவரின் மறுபக்கமும் வேண்டாம். விசிறிச் சத்தம் பகலில் கேட்காது. இரவு இரண்டு மணிக்குக் கேட்கும்.

கடைசியாகத் தண்ணீர். சில பெட்டிகளில் உருகும் நீர் ஒரு தட்டில் விழுந்து தானாக ஆவியாகிவிடும். சிலவற்றில் குழாய் வழியே வெளியே வரும். குழாய் வகை என்றால் கழுவுமிடத்தின் வடிகாலுக்கு அது சரிவாகப் போக வேண்டும். இல்லையென்றால் தினமும் காலையில் தரையைத் துடைப்பதுதான் உங்கள் முதல் வேலை.

4. மின்சாரத்தை முடியுங்கள்

எலக்ட்ரீஷியன் வந்து வேலை முடிக்கும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள். மெயின் போர்டிலிருந்து இதற்கென்றே தனிக் கம்பி, 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரம், மின்சாரம் அளவுக்கு மீறினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., 16 ஆம்பியர் பவர் பிளக், நல்ல எர்த். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டவே கூடாது. வாயுவை அமுக்கித் தள்ளும் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும். அந்த இழுப்பில் மெல்லிய கம்பி சூடாகும், மின்னழுத்தம் இறங்கும், கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் உறுமி நிற்கும். அப்படிப் பலமுறை உறுமினால் சுருள் எரிந்துவிடும்.

வெளியே எவர்சில்வர் உடம்பு, அடியில் ஈரத் தரை. எர்த் இல்லாமல் ஓட்டுவது விளையாட்டில்லை. கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லை என்றால் இந்தச் சாக்கில் போட்டுவிடுங்கள்.

வீட்டு ஃப்ரிட்ஜுக்கு விற்கும் சிறிய ஸ்டெபிலைசர் இதற்குப் போதாது. பெட்டியின் தகட்டைப் படம் எடுத்துக் கடையில் காட்டி, அந்த ஆம்பியருக்கு ஏற்றதாக, தாமதமாக மின்சாரம் விடும் வசதியோடு கேளுங்கள். அந்தத் தாமதம் ஏன் என்று ஏழாவது பகுதியில் வரும்.

இப்போது கட்டணக் கணக்கு. 450 வாட் பெட்டி ஒரு நாளில் 16 மணி நேரம் ஓடினால் ஏழு யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு 430 யூனிட். வீட்டு ஃப்ரிட்ஜ் நாளொன்றுக்கு ஒரு யூனிட்டை ஒட்டித்தான் இழுக்கும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதக் கணக்கில் கொஞ்சம் யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் விலை எகிறும். ஆக, இந்தப் பெட்டி ஒன்றே உங்களை மேல் அடுக்குக்குக் கொண்டுபோய்விடும். விற்பனைக்குச் செய்பவர்கள் எந்தக் கட்டணப் பிரிவில் வருவீர்கள் என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், உணவுப் பாதுகாப்புப் பதிவையும் எடுத்துவிடுங்கள்.

5. பழைய பெட்டியைப் பார்க்கும் விதம்

புதிதின் விலையைப் பார்த்துவிட்டு பெரும்பாலோர் பழையதைத்தான் தேடுகிறோம். தென்காசியில் கிடைக்கும். மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், கொல்லம் என்று போனாலும் மூடிய உணவகங்களின் பெட்டிகள் கிடைக்கும்.

போகும்போது ஒரு வெப்பமானி, ஒரு டார்ச், ஒரு பத்து ரூபாய்த் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பே குளிரவைத்த பெட்டியைக் காட்டினால் நம்பாதீர்கள். காலையில் அணைத்து, கதவைத் திறந்துவைக்கச் சொல்லிவிட்டு, மதியம் போய் உங்கள் முன்னால் போடச் சொல்லுங்கள். காலிப் பெட்டி இரண்டு மூன்று மணி நேரத்தில் ஐந்து டிகிரிக்குக் கீழே இறங்கி, கம்ப்ரசர் ஒருமுறையாவது தானாக நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வாயு குறைவு, அல்லது கம்ப்ரசர் தளர்ந்துவிட்டது.

டார்ச் அடித்துக் குழாய் இணைப்புகளைப் பாருங்கள். எண்ணெய்க் கறை இருந்தால் அங்கே வாயு கசிகிறது, ஏனென்றால் வாயுவோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் வெளியே வரும். ரூபாய்த் தாளைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். பிடிப்பில்லாமல் வழுக்கி வந்தால் கதவு ரப்பர் போய்விட்டது. ரப்பரை மாற்றிக்கொள்ளலாம், பேரம் பேச உதவும். அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

புதிது வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. உத்தரவாதச் சீட்டில் வீட்டு உபயோகம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பணம் கட்டும் முன் படியுங்கள். வீட்டில் வைத்தால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதும் நிறுவனங்களும் உண்டு.

6. கொண்டுவந்து இறக்குதல்

இங்கேதான் நான் முதலில் விழுந்தேன். புனலூரில் வாங்கிய பெட்டியை ஓட்டுநர் படுக்கவைத்துக் கட்டினார். தென்மலை, பதிமூன்று கண்ணறைப் பாலம், ஆரியங்காவு என்று வளைவு வளைவாக ஏறி இறங்கி வந்தது. வீட்டுக்கு வந்ததும் நிமிர்த்தினோம், பிளக்கை மாட்டினோம். ஒரு கரகர சத்தம், பிறகு மௌனம்.

கம்ப்ரசருக்குள் மசகு எண்ணெய் இருக்கிறது. படுக்கவைத்தால் அது குழாய்களுக்குள் ஓடிவிடும். உடனே போட்டால் எண்ணெயில்லாமல் ஓடித் தேயும், அல்லது திரவத்தை அமுக்கப் பார்த்து வால்வு உடையும். நிமிர்ந்த நிலையிலேயே கட்டச் சொல்லுங்கள். மலைப்பாதையில் வண்டி சாயும் என்பார் ஓட்டுநர். நான்கு பக்கமும் கயிறு போட்டுக் கட்டினால் சாயாது. தவிர்க்கவே முடியாமல் படுக்கவைத்திருந்தால் வீட்டில் நிமிர்த்தி ஒரு முழு நாள் விடுங்கள்.

எடை 120, 150 கிலோ என்று இருக்கும். நான்கு ஆட்கள் வேண்டும், மூன்று போதாது. கதவுகளைக் கழற்றிக் கொண்டுவந்தால் அகலமும் எடையும் குறையும். கீல் திருகுகளை ஒரு டம்ளரில் போட்டுவையுங்கள். தரையில் சக்கரங்கள் நிற்கும் இடத்தில் ஓடு விரியாமலிருக்கப் பலகை போடுங்கள். முன்பக்கம் மயிரிழை உயர்ந்திருந்தால் கதவு தானாக மூடிக்கொள்ளும்.

7. முதல் நாள்

உள்ளே வெந்நீரும் சமையல் சோடாவும் கலந்து துடைத்து, ஈரம் காயவிடுங்கள். பிளீச்சிங் கலந்த திரவம் வேண்டாம், அதிலுள்ள குளோரின் எவர்சில்வரைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். கம்பி நாரும் வேண்டாம்.

காலியாகவே ஓட விடுங்கள். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு இரவு முழுவதும் விட்டு, காலையில் பாருங்கள். முகப்பில் மின்னும் எண் காற்றின் வெப்பநிலை. உணவின் வெப்பநிலையைச் சொல்வது அந்த டம்ளர்தான். இரண்டுக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருக்கலாம். டம்ளர் 3 அல்லது 4 காட்டும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். உணவு 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், உறைநிலைப் பெட்டி மைனஸ் 18.

அணைத்தால் ஐந்து நிமிடம் கழித்தே திரும்பப் போடுங்கள். ஓடும்போது குழாயின் ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், மறுபக்கம் குறைவு. இரண்டும் சமமாவதற்குள் கிளம்பச் சொன்னால் கம்ப்ரசர் சுவரைத் தள்ளுவது போலத் திணறும். மின்சாரம் போய்ப் போய் வரும் மாலை நேரத்தில் இதை நாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஸ்டெபிலைசரின் தாமதம் அதற்குத்தான்.

8. அடுக்குவது

ஆடி மாதத்தில் ஒரு விடிகாலை, கதவைத் திறந்தேன். இரண்டாம் தட்டில் இருந்த பத்து லிட்டர் தூக்கின் மூடி ஒரு பக்கமாகத் தூக்கி நின்றது. மாவு வெள்ளை நாக்கு போல வழிந்து, கம்பித் தட்டின் இடைவெளிகளில் சொட்டி, கீழே வைத்திருந்த தக்காளிமேல் காய்ந்து கெட்டியாகியிருந்தது. பெட்டி 4 டிகிரி காட்டியது. மாவின் நடுவில் வெப்பமானியைச் செருகினால் 17.

பெரிய தூக்கில் ஓரம்தான் குளிர்கிறது. நடுவில் பல மணி நேரம் சூடு நிற்கும், அங்கே மாவு பொங்கிக்கொண்டே இருக்கும். அதன் பிறகு மூன்று லிட்டருக்கு மேல் எந்தப் பாத்திரமும் வைப்பதில்லை. அதிலும் பாதிக்குச் சற்று மேல்தான் மாவு. பொங்கி முடிந்த பிறகு வைக்காமல், பொங்க ஆரம்பித்ததுமே உள்ளே வைக்கிறேன். மீதியை அது உள்ளே மெதுவாகச் செய்துகொள்ளும்.

சாம்பார், குழம்புக்கும் இதே கதை, ஆனால் ஆபத்து கூடுதல். 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் பெருகும். கொதிக்கும் அண்டாவை அப்படியே உள்ளே தள்ளினால் பெட்டி முழுவதும் சூடேறி, பக்கத்துப் பாலும் கெடும். வெளியே இரவு முழுக்க ஆறவிட்டால் குழம்பு கெடும். வழி இது: அகலத் தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஊற்றுங்கள், தண்ணீர் நிரம்பிய தொட்டியில் தட்டை மிதக்கவிட்டுக் கரண்டியால் கிளறுங்கள். 60 டிகிரிக்கு இறங்கியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு வர வேண்டும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு. சாரல் காலத்தில் குழாய்த் தண்ணீரே போதும். சித்திரையில் ஐஸ் போடுங்கள்.

சமைத்தது மேலே, பச்சை மீனும் இறைச்சியும் அடியில், மூடிய டப்பாவில். மீன் தண்ணீர் மேலிருந்து கீழே சொட்டும், கீழிருந்து மேலே ஏறாது. கொல்லம் பக்கமிருந்து வரும் மத்தியும் அயிலையும் 3 டிகிரியில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்கு மேல் என்றால் உறையவைக்க வேண்டும்.

விசிறிக் காற்றில் கறிவேப்பிலையும் கீரையும் ஒரே நாளில் சருகாகிவிடும். துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். விசிறியின் வாயை எந்தப் பாத்திரமும் மறைக்கக் கூடாது. சுவரோடு ஒட்டியும் அடுக்காதீர்கள், காற்று சுற்றிவர வழி வேண்டும்.

குற்றாலச் சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் மலிவாகக் கிடைக்கிறதே என்று கூடை கூடையாக வாங்கி உள்ளே வைக்காதீர்கள். மங்குஸ்தான் இந்தக் குளிரில் ஓடு இறுகி, கத்திக்கும் மசியாமல் போகும். ரம்புட்டான் கறுக்கும். நேந்திரமும் கறுக்கும். இவை கூடத்து மூலையிலேயே இருக்கட்டும்.

9. சாரல் மாதங்கள்

சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி அவ்வளவாகத் தேவைப்படாது. ஆரியங்காவுக் கணவாய்க்கு வாசலில் குடியிருக்கும் நமக்கு இதுதான் முக்கியம்.

கடைப் பெட்டிகளின் தகட்டில் தட்பவெப்ப வகுப்பு ஓர் எண்ணாக எழுதியிருக்கும். 4 என்றால் 30 டிகிரி, 55 சதவீத ஈரப்பதத்தில் சோதித்தது. 5 என்றால் 40 டிகிரி, 40 சதவீதம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நம் வீட்டுக் காற்றின் ஈரம் இந்த இரண்டையும் தாண்டி நிற்கும். அதனால் கதவு வியர்க்கும், கண்ணாடிக் கதவு என்றால் தாரையாக ஓடும். பெட்டி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் பலர் செய்வது போலக் குளிரைக் கூட்டாதீர்கள். கண்ணாடி இன்னும் குளிர்ந்தால் இன்னும் வியர்க்கும். கதவுச் சட்டத்தைச் சூடாக்கும் சுவிட்ச் இருந்தால் இந்த மூன்று மாதம் அது போட்டே இருக்கட்டும்.

உள்ளே நடப்பதுதான் மோசம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரக்காற்று புகுந்து, குளிர்ச் சுருளில் பனியாகப் படியும். பனி அடைத்தால் விசிறிக் காற்று வராது. முகப்பு எண் ஏறும். உடனே நாம் குளிரைக் கூட்டுவோம், பனி இன்னும் தடிக்கும். பக்கத்துத் தெரு அத்தை இப்படியே பத்து நாள் கூட்டிக்கூட்டி, மெக்கானிக்கை அழைத்தார். அவர் வந்து செய்தது, பெட்டியை அணைத்துக் கதவைத் திறந்துவைத்துவிட்டு டீ குடித்தது மட்டும்தான்.

எண் காரணமில்லாமல் ஏறினால் முதலில் பனியைச் சந்தேகியுங்கள். காலி செய்து, அணைத்து, இரவு முழுவதும் கதவைத் திறந்துவையுங்கள். கத்தியால் குத்தாதீர்கள். சுருளில் ஓட்டை விழுந்தால் வாயு முழுவதும் போய்விடும், ஆர் 290 என்றால் அடுப்படியில் எரிவாயு பரவும். தானியங்கிப் பனி நீக்கம் இருந்தால் இடைவெளியைக் குறைத்துத் தரும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். எடுக்க வேண்டியதையெல்லாம் யோசித்துவிட்டு ஒரே முறை திறக்கும் பழக்கம் வந்தால் பாதிப் பனி குறையும்.

10. மின்சாரம் நிற்கும் நாள்

பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்துவதை முன்கூட்டி அறிவிப்பார்கள். முந்தைய நாளே தண்ணீர்ப் புட்டிகளை உறையவைத்து, காலையில் மேல்தட்டுகளில் வைத்துவிடுங்கள். குளிர் கீழே இறங்கும். கதவைத் திறக்காவிட்டால் நான்கு மணி நேரம் தாங்கும். நிரம்பிய டீப் ஃப்ரீசர் இரண்டு நாள் தாங்கும், பாதி நிரம்பியது ஒரு நாள். வீட்டு இன்வர்ட்டரில் இதை மாட்டாதீர்கள், கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது.

11. துடைப்பது

மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய தூரிகையால் கண்டென்சரைத் துடையுங்கள். தகடுகள் ஓடும் திசையில்தான் துடைக்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் மடங்கிவிடும். ஹோட்டலில் இதைச் செய்யாததால்தான் பாதிப் பெட்டிகள் பழைய சாமான் கடைக்கு வருகின்றன.

கதவு ரப்பரின் மடிப்பில் வாரம் ஒருமுறை ஈரத்துணி. அங்கே மாவு காய்ந்தால் ரப்பர் பெட்டியின் விளிம்பில் ஒட்டாது. அடித்தகட்டுத் திறப்புகளில் கம்பி வலை அடியுங்கள். எலிக்கு இந்தக் கதகதப்பு ரொம்பப் பிடிக்கும், கம்பிகளையும் பிடிக்கும்.

12. சீசன் முடிந்து அணைக்கும்போது

மூன்று மாதம் தேவையில்லை என்றால் ஓடவிடாதீர்கள். காலி செய்து, துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் காயவிடுங்கள். மூடிவைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்து, அந்த நாற்றம் அடுத்த சீசன் வரை போகாது. கதவு முழுதாகச் சாத்தாதபடி, கீழ்முனையில் மடித்த துணியை வைத்து நூல் கயிற்றால் கட்டிவிடுங்கள். இடுக்கு இரண்டு விரல் அகலம் போதும், குழந்தை நுழையக் கூடாது. இந்தப் பெட்டிகளுக்கு வெளிப்பக்கம் பூட்டு உண்டு, உள்ளே இருந்து திறக்க வழியில்லை. நிமிர்ந்த பெட்டியில் தட்டுகளைக் கழற்றி வெளியே வைக்காமல் உள்ளேயே மாட்டிவையுங்கள், உள்ளே நிற்க இடம் இருக்காது. டீப் ஃப்ரீசர் மூடிக்கும் இதேபோல் கட்டை வைத்துக் கட்டுங்கள். ஒளிந்து விளையாடும் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் சாவியைப் பெட்டியிலேயே தொங்கவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அது அரிசிப் பானைக்குள் கிடக்கிறது.